நடப்புக் கணக்கு ஏன் ஏறி இறங்குகிறது?

நடப்புக் கணக்குப் பற்றாக்குறை கூடிவிட்டது என்று செய்தி வந்தால் போதும், இரண்டு விதமான பேச்சு கிளம்பும். வெளிநாட்டுப் பொருளை வாங்கிக் குவிக்கிறார்கள், அதனால்தான் என்பது ஒன்று. நம் பொருளை வெளியே யாரும் சீண்டுவதில்லை, தொழில் படுத்துவிட்டது என்பது இன்னொன்று. உபரி வந்தாலோ போட்டியில் ஜெயித்த மாதிரிக் கொண்டாட்டம். இந்தப் பேச்சுகளில் கொஞ்சம் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அந்த எண் ஏன் மாறியது என்ற கேள்விக்கு இவை பதில் ஆகாது.

ஜெர்மனியைப் பாருங்கள். 1980களின் கடைசியில் மேற்கு ஜெர்மனி பெரிய உபரி வைத்திருந்தது. 1991இல் ஜெர்மனி பற்றாக்குறைக்குள் போனது. அந்தப் பத்தாண்டு முழுக்க அதிலேயே கிடந்தது. 2000களில் திரும்பவும் உபரி. 2010களின் நடுவில் அந்த உபரி நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 8 சதவீதம் வரை வளர்ந்தது. ஜெர்மன் காரும் இயந்திரமும் 1990 வரை தரமாக இருந்து, 1991இல் திடீரென மட்டமாகி, பத்து வருடம் கழித்து மறுபடி தரமாகிவிடவில்லை. மாறியது வேறு. அதைப் புரிந்துகொள்ள, முதலில் இந்தக் கணக்கில் என்னென்ன வருகிறது என்று பார்த்துவிடலாம்.

## கணக்கில் என்னென்ன வருகிறது

ஒரு நாட்டில் வசிப்பவர்களுக்கும் வெளிநாட்டவருக்கும் இடையே ஒரு காலாண்டிலோ ஓராண்டிலோ நடக்கும் வரவு செலவின் நிகரத் தொகைதான் நடப்புக் கணக்கு. வரவு அதிகம் என்றால் உபரி, செலவு அதிகம் என்றால் பற்றாக்குறை. இதில் முதலில் வருவது சரக்கு: எண்ணெய், இயந்திரம், துணி, மருந்து என எல்லை தாண்டிப் போய் வருபவை. அடுத்தது சேவை: மென்பொருள் பணி, சுற்றுலா, கப்பல் கட்டணம், காப்பீடு. இந்த இரண்டின் ஏற்றுமதியிலிருந்து இறக்குமதியைக் கழித்தால் கிடைப்பது வணிக நிலுவை. பலர் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

ஆனால் இன்னும் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, முதன்மை வருமானம். வெளிநாட்டில் போட்ட முதலீட்டுக்கு வரும் வட்டி, ஈவுத்தொகை, லாபம் ஆகியவை வரவு. வெளிநாட்டவர் உள்ளே போட்ட பணத்துக்கு நாடு கொடுப்பது செலவு. மற்றொன்று, இரண்டாம் நிலை வருமானம். பதிலுக்கு எதுவும் வாங்காமல் ஒருவர் இன்னொருவருக்குத் தரும் பணம் இது. வெளிநாட்டில் வேலை செய்பவர்கள் வீட்டுக்கு அனுப்புவதும், ஓர் அரசு இன்னோர் அரசுக்குக் கொடுக்கும் மானியமும் இதில் சேரும்.

இவற்றைச் சில்லறை விஷயம் என்று தள்ளிவிட முடியாது. ஜப்பான் 2011 முதல் பல ஆண்டுகள் சரக்கு வணிகத்தில் பற்றாக்குறைதான் கண்டது. ஆனாலும் நடப்புக் கணக்கில் உபரி. பல பத்தாண்டுகளாக வெளிநாடுகளில் போட்டு வைத்த பணம் ஈட்டித் தரும் வருமானம் அந்தப் பள்ளத்தை மூடி, மேலே மிச்சமும் வைக்கிறது. அமெரிக்கா 1982க்குப் பிறகு ஒரே ஓர் ஆண்டுதான் உபரி கண்டது. அது 1991. அதற்குப் பெரிய காரணம் ஏற்றுமதிச் சாதனை இல்லை; வளைகுடாப் போர்ச் செலவுக்காகக் கூட்டாளி நாடுகள் கொடுத்த பணம் இரண்டாம் நிலை வருமானமாகப் பதிவானதுதான்.

எது வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சொத்து கைமாறுவது இதில் வராது. வெளிநாட்டு நிறுவனம் ஆலை கட்டக் கொண்டுவரும் பணம், வெளிநாட்டவர் வாங்கும் பங்கு, வெளியிலிருந்து வாங்கும் கடன் எல்லாம் வேறு ஏட்டில் ஏறும். செய்திகளில் அதை மூலதனக் கணக்கு என்பார்கள். அந்த ஆலையின் லாபம் திரும்பிப் போகும்போதுதான் நடப்புக் கணக்கில் தென்படும். அரசின் பட்ஜெட் பற்றாக்குறையும் இது இல்லை. அது அரசின் வரவு செலவு மட்டும். இது நாட்டில் உள்ள எல்லோருடையதும் சேர்ந்தது.

சுருக்கமாக: சரக்கு, சேவை, முதலீட்டு வருமானம், ஒருவழிப் பணம் ஆகிய நான்கும் சேர்ந்ததுதான் நடப்புக் கணக்கு. வணிகப் பற்றாக்குறை அதன் ஒரு துண்டு.

## வருமானத்துக்கு மேல் செலவழிக்கும் குடும்பம்

ஒரு குடும்பத்தின் வருமானம் 100, செலவு 105. கூடுதல் 5 எங்கிருந்து வந்தது? கடன் வாங்கியிருக்க வேண்டும், அல்லது பழைய சேமிப்பை எடுத்திருக்க வேண்டும், அல்லது எதையாவது விற்றிருக்க வேண்டும். வேறு வழி கிடையாது.

இந்தக் குடும்பம் ஏன் கடனில் விழுந்தது என்று யாராவது கேட்டால், வந்த பில்களில் எது பெரியதோ அதை எடுத்துக் காட்டுவது பதில் ஆகுமா? மின் கட்டணம் கூடியிருக்கலாம். ஆனால் வேறு செலவைச் சுருக்கியிருந்தால் கடன் வந்திருக்காது. அதனால் எந்தக் கடைக்கு அதிகம் கொடுத்தார்கள் என்று தேடுவதைவிட, மொத்த வருமானத்துக்கும் மொத்தச் செலவுக்கும் இடையே இடைவெளி ஏன் விழுந்தது என்று கேட்பதுதான் சரி. அப்புறம், கடன் எதற்குப் போனது என்று கேட்க வேண்டும். வாடகை வரக்கூடிய வீடு கட்ட வாங்கியிருந்தால் ஒரு கதை, மாதச் செலவுக்கே வாங்கியிருந்தால் வேறு கதை.

நாடும் இப்படித்தான், ஓர் இடம் வரைக்கும். குடும்பத்தில் யாரோ ஒருவர் கணக்குப் பார்த்து முடிவெடுப்பார். நாட்டிலோ கோடிக்கணக்கானவர்கள் தனித்தனியாக முடிவெடுக்கிறார்கள். இந்த ஆண்டு பற்றாக்குறை வைப்போம் என்று யாரும் தீர்மானம் போடுவதில்லை. வட்டி விகிதமும் நாணய மதிப்பும் விலையும் வருமானமும் அசைந்து அசைந்துதான் அத்தனை முடிவுகளும் ஒரே கணக்கில் வந்து பொருந்துகின்றன. ஒப்புமையை இங்கேயே விட்டுவிடலாம்.

## சேமிப்பும் முதலீடும்

ஒரு நாட்டின் ஓராண்டு வருமானம் 100 என்று வைப்போம். மக்களும் அரசும் சேர்ந்து நுகர்ந்தது 75. மிச்சம் 25. இதுதான் சேமிப்பு. இங்கே சேமிப்பு என்றால் வங்கியில் போட்டது என்று பொருள் இல்லை. வருமானத்தில் நுகராமல் விட்டதெல்லாம் சேமிப்புதான். அதே ஆண்டில் ஆலை, சாலை, வீடு, இயந்திரம் என்று புதிதாக உருவாக்கியது 30. இதுதான் முதலீடு. பங்குச்சந்தையில் பங்கு வாங்குவது இந்தக் கணக்கில் முதலீடு ஆகாது.

நுகர்ந்த 75, உருவாக்கிய 30, ஆக 105. வருமானமோ 100. மீதி 5 வெளியிலிருந்து வந்திருந்தால்தான் உண்டு. அதுவே நடப்புக் கணக்குப் பற்றாக்குறை. நாட்டின் சேமிப்பிலிருந்து முதலீட்டைக் கழித்தால் வருவது நடப்புக் கணக்கு. 25இலிருந்து 30 போனால் கழித்தல் 5. இது யாரோ ஒருவர் முன்வைத்த கோட்பாடு இல்லை. வரையறைகளை வரிசையாக எழுதினாலே வந்துவிடும் சமன்பாடு. எந்த நாட்டுக்கும் எந்த ஆண்டுக்கும் பொருந்தும்.

எப்போதும் பொருந்துவதாலேயே இதில் ஒரு வழுக்கல் இருக்கிறது. சமன்பாடு காரணத்தைச் சொல்லாது. முதலீடு கூடியதால் இறக்குமதி கூடியதா, எண்ணெய் விலை ஏறி வருமானம் அரிக்கப்பட்டதால் சேமிப்பு குறைந்ததா என்று அது காட்டாது. இரண்டு பக்கமும் ஒன்றாக நகரும் என்று மட்டும் சொல்லும். எந்தப் பக்கம் முதலில் அசைந்தது என்பதை ஒவ்வொரு முறையும் தனியாகத்தான் தேட வேண்டும். பொருளியல் படித்தவர்களே இங்கே சறுக்குவதுண்டு.

இப்போது ஜெர்மனிக்கு வருவோம். 1990 அக்டோபரில் கிழக்கும் மேற்கும் இணைந்தன. கிழக்குப் பகுதியின் சாலை, தொலைபேசி, வீடு, ஆலை எல்லாவற்றையும் புதுப்பிக்க வேண்டியிருந்தது, முதலீடு பாய்ந்தது. கிழக்கில் ஓய்வூதியம், உதவித்தொகை என்று அரசின் செலவும் எகிறியது, சேமிப்பு குறைந்தது. அதுவரை வெளிநாடுகளுக்குக் கடனாகப் போய்க்கொண்டிருந்த பணம் உள்ளேயே தீர்ந்தது. உபரி மறைந்தது. 2000களில் நேர் எதிர்: ஊதிய உயர்வு கட்டுக்குள் இருந்தது, நிறுவனங்கள் லாபத்தைச் செலவழிக்காமல் சேர்த்துக்கொண்டன, உள்நாட்டு முதலீடு சோம்பிக் கிடந்தது. சேமிப்பு மிஞ்சியது, உபரி வீங்கியது. இரண்டு காலத்திலும் கார்கள் அதே கார்கள்தான்.

நார்வே இன்னும் தெளிவான உதாரணம். 1970களில் வடகடல் எண்ணெய் எடுக்கத் துளைமேடைகளும் குழாய்களும் அமைக்கப் பெரும் பணம் தேவைப்பட்டது. உள்ளூர்ச் சேமிப்பு போதவில்லை. 1977இல் அதன் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 10 சதவீதத்துக்கும் மேல். அந்த எண்ணை மட்டும் பார்த்தவர்கள் நாடு திவாலாகப் போகிறது என்றுகூட நினைத்திருக்கலாம். இன்று நார்வே உலகின் மிகப் பெரிய அரசு முதலீட்டு நிதிகளில் ஒன்றை வைத்திருக்கிறது.

இதுவரை: பற்றாக்குறை கூடினால், ஒன்று சேமிப்பு குறைந்திருக்க வேண்டும், அல்லது முதலீடு கூடியிருக்க வேண்டும், அல்லது இரண்டும் நடந்திருக்க வேண்டும். இந்த இரண்டையும் அசைப்பது எது என்பதுதான் இனி.

## அரசு, மக்கள், நிறுவனங்கள்

நாட்டின் சேமிப்பில் அரசுக்கும் பங்கு உண்டு. அரசு வரியாக வாங்குவதைவிட அதிகமாகச் செலவழித்தால் மொத்தச் சேமிப்பு குறையும். மக்கள் அதை ஈடுகட்டும் அளவுக்குத் தங்கள் சேமிப்பைக் கூட்டாவிட்டால் பற்றாக்குறை விரியும். 1980களில் அமெரிக்காவில் இதுதான் நடந்தது: வரிக் குறைப்பு, ராணுவச் செலவு, பட்ஜெட் பள்ளம், கூடவே நடப்புக் கணக்குப் பள்ளம். இரட்டைப் பற்றாக்குறை என்ற பெயர் அப்போது பிரபலமானது.

அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, இரண்டும் எப்போதும் ஜோடியாகவே போகும் என்று பலர் முடிவு கட்டிவிட்டார்கள். அது தவறு. அதே அமெரிக்காவில் 1998 முதல் 2001 வரை பட்ஜெட்டில் உபரி இருந்தது. நடப்புக் கணக்குப் பற்றாக்குறையோ வளர்ந்து 2000இல் 4 சதவீதத்தை நெருங்கியது. இணையத் தொழில் முதலீடு கொழுந்துவிட்டு எரிந்த காலம் அது. பங்கு விலை ஏறியதால் மக்களும் தாராளமாகச் செலவழித்தார்கள். அரசு சேர்த்ததைவிட அதிகமாக மற்றவர்கள் கரைத்தார்கள்.

மக்களின் சேமிப்பு பல காரணங்களால் மாறும். உழைக்கும் வயதினர் அதிகம் உள்ள சமூகம் ஓய்வுக்காலத்துக்குச் சேர்க்கும். முதியோர் பெருகிய பிறகு சேர்த்ததை எடுத்துச் செலவழிக்கும். மருத்துவம், ஓய்வூதியம் போன்ற பாதுகாப்பு மெலிதாக இருக்கும் இடத்தில் பயந்து சேமிப்பார்கள். சீனாவின் உபரி 2007இல் சுமார் 10 சதவீதத்தைத் தொட்டதற்கு, குடும்பங்களும் நிறுவனங்களும் அளவுக்கு மீறிச் சேமித்தது ஒரு முக்கியக் காரணம். கடன் சுலபமாகக் கிடைத்து வீட்டு விலையும் ஏறும்போது நேர்மாறாக நடக்கும்: சேமிப்பு வற்றும்.

## எண்ணெய் விலையும் நாணய மதிப்பும்

இறக்குமதி செய்யும் எண்ணெயின் விலை ஏறினால் பற்றாக்குறை கூடும். உடனே கூடும், ஏனென்றால் யாரும் ஒரே மாதத்தில் வாகனத்தையும் ஆலையையும் மாற்றிவிட முடியாது. அதே அலை ஏற்றுமதி நாடுகளுக்கு எதிர்த் திசையில் அடிக்கும். 2014 நடுவில் 100 டாலருக்கு மேல் இருந்த ஒரு பீப்பாய் கச்சா எண்ணெய் 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே விழுந்தது. சவூதி அரேபியாவின் உபரி 2015இல் பற்றாக்குறையாக மாறியது. இதையும் சேமிப்புப் பக்கமிருந்து படிக்கலாம். வருமானம் விழுந்த வேகத்தில் யாரும் செலவைக் குறைப்பதில்லை, அதனால் இடைவெளி சேமிப்பில் விழுகிறது. விலை நிரந்தரமாகவே மாறிவிட்டது என்று எல்லோரும் நம்பத் தொடங்கிய பிறகுதான் செலவு அடங்கும்.

நாணய மதிப்பைப் பற்றிய நம்பிக்கை இன்னும் பரவலானது: மதிப்பு இறங்கினால் ஏற்றுமதி கூடும், இறக்குமதி குறையும், பற்றாக்குறை தீரும். நீண்ட காலத்தில் அந்தத் திசையில் நகர வாய்ப்புண்டு. ஆரம்பத்தில் பெரும்பாலும் மோசமாகும். ஏற்கனவே போட்ட ஒப்பந்தங்கள் அப்படியே இருக்கும், இறக்குமதிக்கு உள்நாட்டுப் பணத்தில் அதிகம் கொடுக்க வேண்டிவரும். வாங்கும் அளவு மெதுவாகத்தான் மாறும். முதலில் இறங்கிப் பிறகு ஏறும் இந்தப் பாதையை, ஆங்கில J எழுத்தின் வடிவத்தை வைத்து, ஜே வளைவு என்பார்கள். 1985 செப்டம்பரில் ஐந்து நாடுகள் நியூயார்க்கின் பிளாசா ஹோட்டலில் கூடி டாலரை இறக்க ஒப்பந்தம் போட்டன. டாலர் விழுந்தது. அமெரிக்கப் பற்றாக்குறையோ 1987 வரை ஏறிவிட்டுத்தான் இறங்கத் தொடங்கியது.

நாணயம் இறங்கியும் நாட்டின் சேமிப்பும் முதலீடும் மாறவில்லை என்றால் பலன் நிலைக்காது. விலைவாசி ஏறி, கிடைத்த சாதகத்தைத் தின்றுவிடும்.

## பணம் முதலில் வருகிறதா?

பொதுவாக நினைப்பது இப்படி: நாடு அதிகமாக வாங்குகிறது, அதற்குப் பணம் போதாமல் வெளியே கடன் கேட்கிறது. சில சமயம் வரிசை தலைகீழ். பணம் முதலில் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருகிறது. அது வட்டியைக் குறைக்கிறது, சொத்து விலையை ஏற்றுகிறது, நாணயத்தை வலுவாக்குகிறது. அதன் விளைவாக மக்கள் குறைவாகச் சேமிக்கிறார்கள், அதிகமாகக் கட்டுகிறார்கள், இறக்குமதி மலிவாகிறது. பற்றாக்குறை பின்னால் வருகிறது.

அமெரிக்க மத்திய வங்கியில் அப்போது ஆளுநர் குழு உறுப்பினராக இருந்த பென் பெர்னான்கி 2005இல் ஓர் உரையில் இதே திசையில் வாதிட்டார்: அமெரிக்கப் பற்றாக்குறைக்கு விளக்கம் தேட அமெரிக்காவுக்குள் மட்டும் பார்த்தால் போதாது, ஆசிய நாடுகளிலும் எண்ணெய் நாடுகளிலும் தேங்கிய சேமிப்பு பாதுகாப்பான இடம் தேடி வருவதையும் பார்க்க வேண்டும் என்றார். எல்லோரும் ஏற்றுக்கொண்ட கருத்து இல்லை. ஆனால் ஒரு விஷயத்தை அது நினைவூட்டியது: உலகம் முழுவதையும் கூட்டினால் நடப்புக் கணக்கு பூச்சியமாகத்தான் இருக்க வேண்டும். ஒரு நாட்டின் உபரி இன்னொன்றின் பற்றாக்குறை. எல்லா நாடுகளும் ஒரே சமயத்தில் உபரி வைக்கலாம் என்பது நடக்காத காரியம்.

ஸ்பெயினில் இந்தப் பாதை அப்பட்டமாகத் தெரிந்தது. யூரோவில் சேர்ந்த பிறகு வட்டி சரிந்தது, ஜெர்மனி போன்ற உபரி நாடுகளின் பணம் வந்து வீட்டுக் கட்டுமானத்தில் கொட்டியது. 2007இல் பற்றாக்குறை 10 சதவீதத்தை நெருங்கியது.

## வரி போட்டால் குறையுமா?

இறக்குமதி வரி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2018இல் அமெரிக்கா சீனப் பொருட்களுக்கு வரியை உயர்த்தியது. சீனாவுடனான அதன் சரக்குப் பற்றாக்குறை அந்த ஆண்டில் 40,000 கோடி டாலருக்கு மேல் இருந்தது. 2023இல் சுமார் 28,000 கோடி டாலராகக் குறைந்தது. அதே காலத்தில் மெக்சிகோவுடனும் வியட்நாமுடனும் பற்றாக்குறை கூடியது. எல்லா நாடுகளையும் சேர்த்த மொத்தச் சரக்குப் பற்றாக்குறை 2018இல் இருந்ததைவிட 2023இல் அதிகம். வாங்கும் இடம் மாறியதே ஒழிய, நாட்டின் சேமிப்புக்கும் முதலீட்டுக்கும் இடையிலான இடைவெளி அடைபடவில்லை. இரண்டு நாடுகளுக்கு இடையிலான பற்றாக்குறையை வைத்துச் சண்டை போடுவது அரசியலுக்கு உதவலாம், கணக்குக்கு உதவாது.

பழைய கடனின் நிழலும் உண்டு. பல ஆண்டு பற்றாக்குறை வைத்த நாடு வட்டியும் லாபமும் வெளியே அனுப்பிக்கொண்டே இருக்கும். அது முதன்மை வருமானத்தில் செலவாக ஏறி, புதிய பற்றாக்குறைக்குத் தீனி போடும். ஜப்பானின் கதையைத் தலைகீழாக்கினால் இதுதான். அமெரிக்கா மட்டும் பல பத்தாண்டுகள் இதற்கு விலக்காக இருந்தது: நிகரக் கடனாளியாக இருந்தும், வெளியே போட்டதற்கு அதிக வருமானம் ஈட்டி, உள்ளே வாங்கியதற்குக் குறைந்த வட்டி கொடுத்தது.

## பற்றாக்குறை குறைந்தால் நல்ல செய்தியா?

எப்படிக் குறைந்தது என்று பார்க்காமல் சொல்ல முடியாது.

இந்தியாவின் பற்றாக்குறை 2012-13இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4.8 சதவீதம். எண்ணெய் விலை உயரத்தில் இருந்தது. பணவீக்கம் வங்கி வைப்பின் வட்டியைத் தின்றதால் மக்கள் தங்கத்துக்குத் தாவினார்கள். 2013 மே மாதத்துக்குப் பிறகு, அமெரிக்க மத்திய வங்கி பணப் பாய்ச்சலைக் குறைக்கப் போகிறது என்ற அறிகுறியிலேயே வெளிநாட்டுப் பணம் கிளம்பி, ரூபாய் சரிந்தது. தங்கத்தின் மீதான இறக்குமதி வரி அந்த ஆகஸ்டில் 10 சதவீதமாக உயர்ந்தது. 2013-14இல் பற்றாக்குறை 1.7 சதவீதம். அப்புறம் 2020-21இல் 0.9 சதவீத உபரியே வந்தது. அது பெருந்தொற்று ஆண்டு. ஊரடங்கில் தேவை படுத்து, எண்ணெய் விலையும் விழுந்து, இறக்குமதி சுருங்கியதால் வந்த உபரி அது.

இதைவிடக் கடுமையான வடிவமும் உண்டு. வெளியிலிருந்து வரும் பணம் சட்டென்று நின்றுவிட்டால், கடன் கிடைக்காத நாட்டுக்குப் பற்றாக்குறை வைக்க வழியே இல்லை. தாய்லாந்து 1996இல் சுமார் 8 சதவீதப் பற்றாக்குறை வைத்திருந்தது. 1997 ஜூலையில் அதன் நாணயம் சரிந்து நெருக்கடி வெடித்தது. 1998இல் 12 சதவீத அளவுக்கு உபரி. இரண்டே ஆண்டில் இப்படி மாறியதற்குக் காரணம், முதலீடு இடிந்து விழுந்ததும் மக்களால் வாங்க முடியாமல் போனதும்தான். ஸ்பெயினும் 2013இல் உபரிக்கு வந்தது. அப்போது அங்கே வேலையில் இருந்தவர்களையும் வேலை தேடியவர்களையும் சேர்த்துப் பார்த்தால், நாலில் ஒருவருக்கு மேல் வேலை இல்லை.

அதனால் எண்ணைவிட அதற்குப் பணம் எப்படி வந்தது என்பதை நான் முதலில் பார்ப்பேன். ஆலை கட்ட வந்த பணம் இரவோடு இரவாக எழுந்து போகாது. ஆறு மாதக் கடன் போகும். சொந்த நாணயத்தில் கடன் வாங்கிய நாட்டுக்கும், டாலரில் வாங்கிய நாட்டுக்கும் ஒரே 4 சதவீதப் பற்றாக்குறை ஒன்றல்ல. நாணயம் இறங்கினால் பின்னதன் கடன் சுமை தானாகவே ஏறும்.

இலங்கை 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. அந்த ஆண்டு அதன் பொருளாதாரம் 7 சதவீதத்துக்கு மேல் சுருங்கியது, எரிபொருளுக்கே மக்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றார்கள். 2023இல் அதன் நடப்புக் கணக்கில் உபரி. சுற்றுலாவும் வெளிநாட்டிலிருந்து வரும் பணமும் மீண்டது அதில் ஒரு பாதி. வாங்க வழியில்லாமல் இறக்குமதி அடங்கிக் கிடந்தது மறுபாதி.